கொலஸ்ட்ரம் என்னும் முதல் பால்



இந்த இதழில் உங்களோடு சேர்ந்து ஒரே ஒரு சொல்லைப் படிக்க விரும்புகிறோம். அது வேதாகமச் சொல் அல்ல. பிரசவ வார்டில் தினந்தோறும் காதில் விழுகிற ஒரு மருத்துவச் சொல். ஒரு சொல்லைப் படிப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். சரியாய்க் கேட்கப்படாத ஒரு சொல்லினால் ஒரு சிசு பசியோடு கிடந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம், அதனால்தான் எழுதுகிறோம்.

ஒரு நாள் காலை வார்டு ஜெபத்தை முடித்துவிட்டு வராந்தாவில் நடந்து வருகையில், ஓர் இளைஞர் வேகமாய் எங்களிடம் வந்தார். முந்தின இரவுதான் அவருடைய மனைவிக்குத் தலைப்பிரசவம். "ஐயா, என் பெஞ்சாதி பாலுல கொலஸ்ட்ரால் இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அதையே பிள்ளைக்குக் கொடுக்கணும்னும் சொல்றாங்க. பிள்ளைக்குக் கொழுப்பு நோய் வந்துடாதா? எங்க அம்மா வேண்டாம்ங்கிறாங்க. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் சொன்னது கொலஸ்ட்ரால் அல்ல, கொலஸ்ட்ரம். முன்னது நம் இரத்தத்தில் உள்ள கொழுப்புப் பொருளின் பெயர். பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்னது தாயின் முதல் பாலுக்குப் பெயர். பழைய லத்தீன் சொல். இரண்டுக்கும் உறவே இல்லை. ஆனால் இது விளங்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது. அதுவரை அந்தத் தாய் தன் பாலைத் துணியில் பிழிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லின் வால் ஒன்று மாறியதால் ஒரு குழந்தை தன் முதல் நாளில் பாதியை இழந்தது.

1. சொல்லின் பொருள்

பிள்ளை பெற்றவுடன் தாயின் மார்பில் சுரக்கும் கெட்டியான, பெரும்பாலும் மஞ்சள் நிறமான பாலே கொலஸ்ட்ரம். தமிழில் சீம்பால் என்கிறோம். இது பிரசவத்துக்குப் பின்னர் புதிதாய் உண்டாவதல்ல. கர்ப்பகாலத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு இதைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை வருவதற்கு மாதங்களுக்கு முன்னமே அதற்கான உணவு ஆயத்தமாகிவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி வெளிவந்ததும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சட்டென்று குறைகிறது. அதுவே அதிகப் பாலுக்கு வழி திறக்கிறது. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மார்பு நிறைந்து பால் பெருகும். நம் பெண்கள் "பால் இறங்கிவிட்டது" என்று சொல்வது இதைத்தான். அதற்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை வருவதை இடைநிலைப் பால் என்றும், அதற்கும் பின் வருவதை முதிர்ந்த பால் என்றும் மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். ஆகவே கொலஸ்ட்ரம் என்ற சொல் முதல் சில நாட்களுக்கு மட்டுமே உரியது.

"பால் இன்னும் இறங்கவில்லை" என்று முதல் நாளில் வீட்டார் சொல்லும்போது, அவர்கள் பார்ப்பது சரி, முடிவு தவறு. பெருகும் பால் இறங்கவில்லைதான். ஆனால் அந்த நாளுக்குரிய பால் அங்கே இருக்கிறது.

2. சொல் கடந்து வந்த பாதை

இந்த முதல் பாலுக்குப் பல மொழிகளிலும் தனிப் பெயர் உண்டு. அப்பெயர்களைப் பார்த்தால், மனிதர் அதை நேசித்ததும் சந்தேகித்ததும் ஒருங்கே தெரியும்.

லத்தீனில் கொலஸ்ட்ரம் என்பது முதலாவது கால்நடையின் முதல் பாலைக் குறித்தது. ரோமர்கள் அதை விரும்பி உண்டார்கள். நாம் "கண்ணே, கற்கண்டே" என்று கொஞ்சுவதுபோல, பிளாட்டஸ் என்னும் ரோம நாடக ஆசிரியர் ஒரு நாடகத்தில் இச்சொல்லைக் காதலியைக் கொஞ்சும் சொல்லாகவே வைத்திருக்கிறார். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் அறிஞர், இந்தப் பாலை உடனே குடிக்கும் கழுதைக் குட்டிகள் மடிந்துபோகும் என்று எழுதி, அந்த நோய்க்குக் 'கொலஸ்ட்ராசியோ' என்று பெயரும் சொன்னார். உணவின் பெயரே நோயின் பெயராயிற்று. அடுத்த நூற்றாண்டில் எபேசு பட்டணத்து மருத்துவர் சொரானஸ், முதல் இருபது நாள் தாய்ப்பால் பிள்ளைக்கு ஆகாது, தேன் கொடுங்கள் என்று கற்பித்தார். "நம் ஜனங்கள்தான் இப்படி" என்று யாராவது சலித்துக்கொள்ளும்போது இதை நினைவுபடுத்துங்கள். மருத்துவத்தின் பேராசிரியர்களே பல நூற்றாண்டுகள் இவ்விதம் போதித்தார்கள்.

கிரேக்கத்தில் முதல் பாலுக்குப் பெயர் பூவோஸ். சீழுக்குப் பெயர் பூவோன். இரண்டும் காதுக்கு மிக நெருக்கம். சமஸ்கிருதத்திலோ பீயூஷம் என்பது கன்று ஈன்ற பசுவின் முதல் பாலுக்கும் பெயர், தேவர்களின் அமிர்தத்துக்கும் பெயர். ஒரே பொருளைச் சீழுக்குப் பக்கத்தில் நிறுத்திய மொழியும் உண்டு, அமிர்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய மொழியும் உண்டு.

நம் தமிழில் சீம்பால் என்பதோடு கடும்பு என்ற சொல்லும் இருக்கிறது. பழந்தமிழில் கடும்பு என்ற அதே ஒலிக்குச் சுற்றம், உறவினர் என்றும் பொருள். இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வார்டில் நிற்கிற எங்களுக்கு இந்த ஒலி ஒற்றுமை பொருத்தமாகவே படுகிறது. முதல் பால் பிள்ளைக்குப் போகுமா, துணிக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தாய் அல்ல. கட்டிலைச் சுற்றி நிற்கும் சுற்றமே.

3. கன்றுக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லையா?

ஒரு பாட்டியம்மா எங்களிடம், "சீம்பால்னாலே சீ மாதிரிப் பால்னுதானே ஐயா அர்த்தம்? அதைப் போய்ப் பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்பாங்களா?" என்று கேட்டார். நாங்கள் பதிலுக்கு, "உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதா அம்மா?" என்றோம். இருந்தது. கன்று போட்டால் சீம்பாலை என்ன செய்வீர்கள் என்றோம். பாட்டியம்மாவின் முகம் மலர்ந்தது. வெல்லம் தட்டிப்போட்டு, ஏலக்காய் பொடித்துப்போட்டு, ஆவியில் வைத்துக் கட்டியாய் எடுப்பதையும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் அனுப்புவதையும் விவரமாய்ச் சொன்னார். "கன்றுக்கு விடுவீர்களா?" என்றோம். "விடாம இருப்போமா? முதல்ல அதுக்குத்தானே. குடிக்காட்டி கன்று நிக்காதே!" என்றார். சொன்ன பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மருமகளின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டியம்மா தொழுவத்தில் அறிந்திருந்ததை விஞ்ஞானம் 1922-ல் பரிசோதித்து எழுதியது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்திலிருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்னும் இருவர், சில கன்றுகளுக்குச் சீம்பாலைக் கொடுத்தும், சிலவற்றுக்குக் கொடாமலும் வளர்த்தார்கள். கொடாத கன்றுகளில் பெரும்பாலானவை நோயுற்று இறந்தன, குடித்தவை பிழைத்தன. பசுவின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கிடைப்பதில்லை. பிறந்த முதல் நாளுக்குள் சீம்பால் வழியாகத்தான் அவை குடலில் ஏறி இரத்தத்தில் சேர வேண்டும். ஒரு நாள் போனால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

மனிதப் பிள்ளையின் நிலை சற்று வேறு. அதற்குத் தாயின் இரத்தத்திலிருந்து ஒரு வகை எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலேயே வந்துவிடுகிறது. அதனால் சீம்பால் இழந்த கன்றைப்போல எல்லாப் பிள்ளைகளும் மடிந்துவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாய் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். "நாங்க எல்லாம் சர்க்கரைத் தண்ணி குடிச்சுத்தானே வளர்ந்தோம்" என்பார்கள். வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள்; வளராமற்போனவர்கள் சொல்ல இல்லை.

4. அந்தத் துளிகளில் இருப்பது என்ன?

முதல் நாள் முழுவதும் சேர்த்தாலும் தாய்க்குச் சுரப்பது பெரும்பாலும் சில தேக்கரண்டி அளவே. பிள்ளையின் இரைப்பையும் அத்தனை சிறியதுதான். குறைவாய் இருப்பதால் அது வீண் என்று எண்ண வேண்டாம்.

முதலாவது, அதில் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புப் புரதம் மிகுந்திருக்கிறது. தாய்ப்பாலில் உள்ள இந்தப் புரதம் விசேஷித்த வகையைச் சேர்ந்தது என்பதை ஸ்வீடன் தேசத்து ஹான்சன் என்பவர் 1961-ல் எடுத்துக் காட்டினார். இது இரத்தத்தில் ஏறுவதைவிடக் குடலின் உட்சுவரிலேயே தங்கி, கிருமிகள் ஒட்டாதபடி காக்கிறது. புது வீட்டுச் சுவருக்கு முதல் பூச்சு எப்படியோ, அப்படியே இதுவும் என்று சொல்லலாம். சுவரில் அழுக்குப் படிந்தபின் பூசுவதைவிட முன்னமே பூசுவது நல்லதல்லவா?

இரண்டாவது, நோயை எதிர்க்கும் உயிருள்ள வெள்ளை அணுக்கள் அதில் இருக்கின்றன. இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின் என்னும் புரதமும் இருக்கிறது.

மூன்றாவது, வைட்டமின் ஏ. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டினே சீம்பாலுக்கும் மஞ்சள் நிறம் கொடுக்கிறது. எந்த நிறத்தைக் கண்டு "அழுக்கு" என்று துடைக்கிறார்களோ, அந்த நிறமே ஒரு சத்து.

நான்காவது, அது இலேசாய் வயிற்றை இளக்கும். பிள்ளையின் முதல் கறுத்த மலம் சீக்கிரம் வெளியேறும். அதனோடு மஞ்சள் காமாலைக்குக் காரணமான பொருளும் வெளியேறும். "வயிறு சுத்தமாகணும்" என்று நம் வீடுகளில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த வேலையைச் செய்யத் தாயின் பாலே போதுமானது. இதை மருத்துவர் வில்லியம் கேடோகன் 1748-லேயே எழுதி, முதல் பாலை எறிய வேண்டாம் என்று தாய்மாரைக் கேட்டுக்கொண்டார்.

இவை எல்லாம் சேர்ந்து என்ன பலன் தருகின்றன? ஆப்பிரிக்காவில் கானா தேசத்தின் கிராமங்களில் ஏறத்தாழ 11,000 சிசுக்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கினால், பிறந்த மாதத்தில் நேரிடும் மரணங்களில் 22 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைப் பற்றி 2011-ல் வெளியான ஆய்வும், முதல் நாளைக் கடந்து பால் தொடங்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்றே கண்டது.

5. எங்கள் கையிலிருந்த கிண்ணம்

இனிச் சொல்லப் போவதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் பாடம் சொல்லுகிறவர் தம் தப்பை மறைத்தல் தகாது.

பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நற்குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாவில் வைத்தால், அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊழியத்தின் ஆரம்ப வருஷங்களில் எத்தனையோ குடும்பத்தார் எங்களையே அழைத்தார்கள். "ஐயா கையால் வைத்தால் பிள்ளை பக்தியாய் வளரும்" என்றார்கள். நாங்களும் ஜெபம் செய்து, சங்கிலோ கிண்ணத்திலோ இருந்ததைத் தொட்டு வைத்தோம். எத்தனை பிள்ளைகளுக்கு என்று கணக்கில்லை. அதை மரியாதை என்றே எண்ணினோம். அன்பின் செயல் என்றும் எண்ணினோம்.

ஒரு முறை, மாதம் நிறையாமல் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு இவ்விதமே வைத்தோம். வீட்டாரும் அதே கிண்ணத்திலிருந்து இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தார்கள். தாயின் பால் துணிக்குப் போயிற்று. மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டது. பதினொரு நாள் போராட்டத்துக்குப் பின் கர்த்தருடைய கிருபையால் பிழைத்தது. கிண்ணத்துத் தண்ணீர்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டோம். "அப்படி உறுதியாய்ச் சொல்ல முடியாது ஐயா. ஆனால் அந்த இரண்டு நாளில் அதற்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதியாய்ச் சொல்லலாம்" என்றார்.

அடுத்த முறை ஒரு குடும்பத்தார் எங்களை அழைத்தபோது, பிரசவ வார்டின் மூத்த சிஸ்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாருக்கும் முன்பாக எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மெல்லிய குரலில், "ஐயா, ஜெபத்தை நீங்க பண்ணுங்க. கிண்ணத்தை மட்டும் என்கிட்ட கொடுத்திடுங்க" என்றார். கொடுத்துவிட்டோம். அந்த நாள் முதல் நாங்கள் கிண்ணத்தைத் தொட்டதில்லை. பிள்ளையைத் தாயின் மார்பில் வைத்து, அங்கேயே ஜெபிக்கிறோம். குடும்பத்தார் எவரும் இதைக் குறைவாய் எண்ணியதில்லை.

தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத தேன், சிசுவுக்குக் கேடு செய்யக்கூடும்.

6. பேதுரு பயன்படுத்திய சொற்கள்

பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், விசுவாசிகளைப் பாலை வாஞ்சிக்கும் பிள்ளைகளுக்கு ஒப்பிடும் பகுதியை நீங்கள் அறிவீர்கள். அங்கே பிள்ளைகளைக் குறிக்க வரும் கிரேக்கச் சொல், பொதுவாய்க் குழந்தைகள் என்பதல்ல. 'இப்பொழுதுதான் பிறந்த' என்பதே அதன் நேர்ப்பொருள். பாலைக் குறிக்க வரும் அடைமொழி 'அடொலோஸ்'. கலப்படமில்லாத என்று பொருள். அக்காலத்து வியாபார ஓலைகளில் கல்லும் பதரும் கலவாத தானியத்துக்கு இதே சொல்லை எழுதினார்கள். சந்தையில் வழங்கிய சாதாரணச் சொல் அது.

பேதுரு ஆவிக்குரிய காரியத்தைத்தான் பேசினார், மருத்துவம் போதிக்கவில்லை. வசனத்தை இழுத்து வைத்து வைத்தியம் சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஆயினும் இப்பொழுதுதான் பிறந்த பிள்ளைக்கு எது தகும் என்பதற்கு அவர் எடுத்த உவமை, கலப்பில்லாத பால். வேறொன்றும் சேராத பால். அந்த உவமையை வாசித்துப் பிரசங்கம் செய்துகொண்டே, மறுகையில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்திருந்தோமே என்பதுதான் எங்கள் வெட்கம்.

7. இச்சொல்லைப் பயன்படுத்துவது எப்படி?

இந்தியாவில் 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 100-ல் 88 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடந்தன. ஆனால் முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவர்கள் 100-ல் 42 பிள்ளைகளே. மருத்துவமனைக் கட்டிலில் பிறந்தும் அந்தத் துளி கிடைக்கவில்லை. கட்டிடம் மட்டும் போதாது, விளங்கும்படி பேசுகிற வாயும் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. ஆகையால் சில ஆலோசனைகள்:

வீட்டாரிடம் பேசும்போது கொலஸ்ட்ரம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கொலஸ்ட்ரால் என்று காதில் விழும். சீம்பால் என்று சொல்லுங்கள்; அந்தச் சொல்லையும் சந்தேகித்தால் "முதல் பால்" என்று சொல்லுங்கள். முதல் சம்பளம், முதல் விளைச்சல் என்பவற்றின் அருமை நம் ஜனங்களுக்குத் தெரியும்.

"முதல் பால் நல்லது" என்பதோடு, "அது கொஞ்சமாய்த்தான் வரும், கொஞ்சமே போதும்" என்றும் சொல்லுங்கள். முதல் சில நாளில் பிள்ளையின் எடை சிறிது குறைவது இயல்பு என்பதையும் முன்னமே சொன்னால் பயம் வராது.

ஆபரேஷன் செய்து பெற்ற தாய்க்குச் சீம்பால் இல்லை என்பது தவறான எண்ணம். முதுகில் மருந்து கொடுத்து, தாய் விழித்திருந்தால், உதவியோடு சீக்கிரமாகவே பால் கொடுக்கலாம். குறைமாதப் பிள்ளையால் சப்ப இயலாவிட்டாலும், பிழிந்தெடுத்த சில துளிகளைச் செவிலியர் கொடுப்பார்கள். தாய்க்கோ பிள்ளைக்கோ தாய்ப்பால் கொடுக்க முடியாத சில அபூர்வமான நிலைமைகளும் உண்டு. அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும், பக்கத்து வீட்டார் அல்ல.

இக்காலத்தில் மாட்டுச் சீம்பால் தூளும் மாத்திரையும் கொலஸ்ட்ரம் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். கன்றுக்கு ஆயத்தமானது கன்றுக்கு. பிள்ளைக்கு ஆயத்தமானது தாயிடத்தில் இருக்கிறது.

குடும்பத்தில் பெரியவர் நீங்களானால், உங்களைச் சேனை வைக்க அழைப்பார்கள். கோபமாய் மறுக்க வேண்டாம். ஆசீர்வாதத்தைக் கொடுங்கள், கிண்ணத்தை வாங்கி வையுங்கள்.

அந்த முதல் இளைஞரின் கதையை முடிக்காமல் விட்டோம். மத்தியானத்துக்கு மேல் அவருடைய தாயார், மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மருமகளுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்துத் தாமே பிள்ளையை எடுத்து மார்பில் வைத்தார். சாயங்காலம் நாங்கள் போனபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எங்களிடம், "அந்தப் பேரு மறுபடி என்ன ஐயா?" என்று கேட்டார். சொன்னோம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எங்களுக்குச் சீம்பாலே போதும்" என்று சிரித்தார்.

சிந்திக்கவும் பேசவும்:

1. உங்கள் வீட்டில் கடைசியாய்ப் பிறந்த பிள்ளைக்கு முதலாவது கொடுக்கப்பட்டது என்ன? அதை யார் தீர்மானித்தார்?

2. மாட்டுத் தொழுவத்தில் நமக்கு இருக்கும் அறிவு, பிரசவ அறையில் நம்மைவிட்டுப் போவது ஏன்?

3. அன்பினால் செய்தும் கேடாய் முடிந்த வழக்கம் வேறு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? அதை விட்டுவிட யார் உங்களுக்கு உதவினார்?

இந்தப் பாடத்தை உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு முறை வாசியுங்கள். கர்ப்பவதியின் மாமியார் ஒருவர் கேட்டால் போதும். எழுதியதன் பலனைப் பெற்றுவிட்டோம் என்று மகிழ்வோம்.

உங்கள் அன்பின் ஊழியன்,
மருத்துவமனை ஆயர்